பழைய டிரெய்லருக்கு ஸ்டெப்னியை எங்கே மாட்டுவது?

உங்களிடம் இருப்பது 1960களில் செய்த 16 அடி டிராவல் டிரெய்லர், அதாவது காருக்கோ பிக்கப்புக்கோ பின்னால் கட்டி இழுத்துப் போகிற, உள்ளே தங்கும் வசதியுள்ள வண்டி. ஒற்றை அச்சு, சாமான்களோடு சுமார் 1,100 கிலோ. வாங்கும்போதே ஸ்டெப்னியும் இல்லை, அதை மாட்டுகிற தாங்கியும் இல்லை. பின் பம்பரில் ஒரு தாங்கியை வெல்டிங் வைத்து, டயருக்கு வெள்ளை உறை போட்டு மாட்டினால் அந்தக் காலத்து வண்டிக்கு எடுப்பாக இருக்குமே, செய்யலாமா என்று கேட்கிறீர்கள்.

எடுப்பாகத்தான் இருக்கும். 1940இல் வந்த லிங்கன் கான்டினென்டல் கார் ஸ்டெப்னியைப் பின்னால் நிமிர்த்தி வைத்துக் கொண்டுவந்த நாளிலிருந்து அந்தத் தோற்றத்துக்கு ஒரு மவுசு உண்டு. ஆனாலும் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

என் முதல் டிரெய்லரில் முந்தைய உரிமையாளர் இதே வேலையைச் செய்து வைத்திருந்தார். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. மூன்றாவது பயணத்தில், வழியில் நிறுத்திவிட்டுப் பின்பக்கம் வந்து பார்த்தால் டயர் தலை கவிழ்ந்து நிற்கிறது. கையால் ஆட்டிப் பார்த்தேன். தாங்கியின் ஒரு பக்க வெல்டிங் முழுதாக விட்டுப்போயிருந்தது. மறுபக்கம் வெல்டிங் நன்றாகத்தான் பிடித்திருந்தது, ஆனால் அதைச் சுற்றியிருந்த பம்பர் தகடே கிழிந்துவிட்டது. ஒரு விரல் அகல இரும்பில் மொத்த டயரும் தொங்கிக்கொண்டிருந்தது. அதுவரை எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கு நல்ல நேரம்.

பழைய டிரெய்லர்களில் பம்பர் என்பது பெயருக்குத்தான் பம்பர். பலவற்றில் அது மெல்லிய தகட்டில் செய்த நான்கு அங்குலச் சதுரக் குழாய். கழிவுநீர்க் குழாயை உள்ளே திணித்து வைக்க உதவும், எடை தாங்க உதவாது. 14 அங்குல ரிம்மோடு ஒரு டிரெய்லர் டயர் 18 கிலோ அளவில் வரும். தாங்கியும் போல்ட்டும் சேர்த்து 22 என்று வையுங்கள். அந்த 22 கிலோ பம்பருக்கு நேர்மேலே உட்காருவதில்லை, ஒரு சாண் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. ஒவ்வொரு குழியிலும் வண்டியின் வால் எகிறி விழும்போது குழாயை முறுக்கிக்கொண்டே இருக்கும். கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிப்போமே, அதே கதைதான். நாள் கொஞ்சம் கூட எடுக்கும், அவ்வளவுதான். பம்பர் வேண்டாம், பின்சுவரில் மாட்டுகிறேன் என்றால் அது இன்னும் மோசம். அந்தக் காலத்துச் சிறிய டிரெய்லர்களின் சுவர் பெரும்பாலும் மெல்லிய மரச்சட்டமும் அதன்மேல் அலுமினியத் தகடும்தான். பின்மூலைகளில் மழைநீர் இறங்கி மரம் மாவாகிப் போயிருப்பதை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

தாங்கி எப்படியோ உறுதியாக அமைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் எடை எங்கே இருக்கிறது என்ற கணக்கு ஒன்று மிச்சமிருக்கிறது. டிரெய்லர் ஒரு சீசா. அச்சுதான் நடுக்கட்டை. முன்முனை உங்கள் வண்டியின் ஹிட்ச் (டிரெய்லரைக் கொளுவும் இணைப்பு) உருண்டைமேல் அழுத்துகிற எடை, டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் வால் ஆட ஆரம்பிக்கும். உங்களுடையதைப் போன்ற வண்டியில் உருண்டையிலிருந்து அச்சு சுமார் மூன்று மீட்டர், அச்சிலிருந்து பின் பம்பர் சுமார் 1.8 மீட்டர் இருக்கும். 22 கிலோவை 1.8ஆல் பெருக்கி 3ஆல் வகுத்தால் 13 கிலோ. பின்னால் அதை மாட்டியதும் முன்முனை அழுத்தம் அவ்வளவு குறையும். இப்போது 115 கிலோ அழுத்துகிறது என்றால் 102க்கு வந்துவிடும். மொத்த எடையோ 1,122 ஆகிவிடும். 10 சதவீதத்துக்குச் சற்று மேலே இருந்த வண்டி 9க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. உங்கள் தண்ணீர்த் தொட்டி அச்சுக்குப் பின்னால் இருந்து, அதுவும் நிரம்பியிருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

முன்னால் இன்னொரு மூட்டையை வைத்து அந்த 13 கிலோவை ஈடுகட்டிவிடலாமே என்பார்கள். தராசு நேராகிவிடும், உண்மைதான். ஆனால் இரண்டு முனையிலும் எடையைக் கட்டிய கம்பு ஒருமுறை சுழல ஆரம்பித்தால் நிறுத்துவது கடினம். டிரெய்லர் பக்கவாட்டில் ஆடும்போது ஒரு பொருள் அதற்குக் கொடுக்கிற உந்தம், அச்சிலிருந்து அது இருக்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அச்சுக்கு அரை மீட்டர் முன்னால் இருக்கும் ஸ்டெப்னியை விட, 1.8 மீட்டர் பின்னால் தொங்கும் அதே ஸ்டெப்னி ஏறத்தாழ 13 மடங்கு தொல்லை. எதிர்க்காற்றில் ஒரு லாரி கடந்து போகும்போது இந்தக் கணக்கு உங்கள் கைக்கே தெரியும்.

சரி, பின்னால் வேண்டாமென்றால் எங்கே வைப்பது? பிக்கப்பில் இழுக்கிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஸ்டெப்னியை அதன் பின்தொட்டியில் போடுங்கள். டிரெய்லரில் எதையும் வெட்டவோ ஒட்டவோ வேண்டியதில்லை, ஆட்டமும் கூடாது, பஞ்சர் ஆனால் நேரே எடுத்து இறக்கிவிடலாம். தொட்டியின் முன்சுவரை ஒட்டிப் படுக்க வைத்து, ரிம்மின் துளை வழியாகப் பட்டையை ஓட்டித் தரைக் கொக்கியில் இறுக்குங்கள். வெறுமனே கிடத்தினால் பலமாக பிரேக் பிடிக்கும்போது அது தொட்டியில் நகர்ந்து எதை இடிக்கும் என்று சொல்ல முடியாது. கார் டிக்கி என்றாலும் இதே விதி, இன்னும் கண்டிப்பாக. பின் இருக்கையில் குழந்தைகள் இருப்பார்கள். இழுக்கும் வண்டி சுமக்கலாம் என்று போட்டிருக்கும் எடையில் இந்த 18 கிலோவையும் கழித்துக்கொள்ளுங்கள். முன்முனை அழுத்தமும் அந்தக் கணக்கில்தான் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இழுக்கும் வண்டியின் முன் பம்பரில் ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். மலையேற்றத்தில் டிரெய்லரை இழுக்கும் எஞ்சினுக்குத்தான் காற்று அதிகம் வேண்டும். அந்த நேரத்தில் ரேடியேட்டர் முகத்தில் டயரை வைத்து அடைப்பது எனக்கு ஒப்பவில்லை. டிரெய்லர் கூரைமேல் வைக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. ஏற்கெனவே ஒழுகும் கூரை அது.

இழுக்கும் வண்டியில் இடமில்லை என்றால் என் அடுத்த தேர்வு டிரெய்லர் தரைக்கு அடியில், அச்சுக்கு முன்னால், சேசிஸின் இரண்டு நீளச் சட்டங்களுக்கு நடுவே. எடை தாழ்வாகவும் இருக்கிறது, நடுவிலும் இருக்கிறது, வண்டியின் பழைய தோற்றமும் கெடாது. ஏர்ஸ்ட்ரீம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பல டிரெய்லர்களில் முன்பக்க முக்கோணச் சட்டத்துக்கு அடியில் இப்படியொரு ஏற்பாட்டை ஆலையிலேயே செய்து தந்திருக்கிறார்கள். நீங்களே செய்வதென்றால் இரண்டு ஆங்கிள் இரும்பைக் குறுக்கே வைத்து, ஒரு முனையில் கீல், மறுமுனையில் நீள போல்ட் போட்டால் போதும். போல்ட்டைக் கழற்றினால் தட்டு ஒரு பக்கம் இறங்கும், டயரை உருவிக்கொள்ளலாம். பிக்கப்புகளுக்கு அடியில் வருகிற கம்பிவடச் சுருளை எடுத்து மாட்டுகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. சேற்றிலும் ஈரத்திலும் வடம் துருவேறி இறுகிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இறக்கி ஏற்றி எண்ணெய் போடுகிற பொறுமை உள்ளவர்களுக்கு அது சரி.

ஆனால் முதலில் அளந்து பாருங்கள். எஸ்.டி. 205/75 ஆர் 14 என்ற அளவுள்ள டயரின் விட்டம் சுமார் 66 சென்டிமீட்டர், அகலம் 20. சேசிஸ் சட்டத்தின் உயரம் 10, 13 சென்டிமீட்டர்தான் இருக்கும், ஆக டயர் சட்டத்துக்குக் கீழே ஒரு கையளவு தொங்கும். அங்கே ஏற்கெனவே கேஸ் குழாய், மின்கம்பி, கழிவுநீர்க் குழாய் எல்லாம் ஓடுகின்றன. இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை: டயரில் காற்று போய் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்போது, அடியில் இருக்கிற ஸ்டெப்னியை இழுக்க இடம் இருக்குமா? வீட்டில் வண்டியை உயரமாக ஏற்றி வைத்துக்கொண்டு தாங்கியைச் செய்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி தோன்றாது. ஒரு பக்கச் சக்கரத்தைப் பள்ளத்தில் இறக்கி நிறுத்திப் பரிசோதித்துவிட்டு அப்புறம் அளவை முடிவு செய்யுங்கள். வால்வு கீழே பார்த்தபடி இருக்கட்டும். காற்று பார்க்க ஒவ்வொரு முறையும் இறக்க வேண்டியிருந்தால் நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள்.

தாங்கியைப் பொருத்த சேசிஸில் வெல்டிங் வைக்காதீர்கள். பழைய சட்டங்கள் மெல்லிய சி-வடிவ இரும்பு. கீழ் விளிம்பில் குறுக்கே வெல்டிங் ஓட்டினால், வண்டி குலுங்கும்போது அதிகமாக இழுபடும் இடத்திலேயே ஒரு விரிசலுக்கு விதை போட்டதாகிவிடும். யூ-போல்ட்டும் பட்டைத் தகடும் வைத்துக் கவ்விப் பிடிக்கும்படி செய்யுங்கள். நாளைக்கு வேண்டாமென்றால் கழற்றிவிடலாம், பழைய வண்டியை அதன் அசல் நிலைக்கே கொண்டுவர விரும்புகிறவருக்கும் நிம்மதி.

மூன்றாவது இடம், முன்னால் இருக்கும் அந்த முக்கோணச் சட்டத்தின், அதாவது ஏ-ஃபிரேமின் மேல். எளிதாகக் கைக்கு எட்டும், தாங்கியும் கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும். இங்கே கணக்கு தலைகீழ்: அச்சுக்கு 2.4 மீட்டர் முன்னால் 22 கிலோ வைத்தால் முன்முனை அழுத்தம் 17, 18 கிலோ கூடும். உங்களுக்கு 115 இருந்தது 133 ஆகும். 1,122 கிலோவுக்கு அது 12 சதவீதம், டிரெய்லருக்கு நல்லதே. ஆனால் இழுக்கும் வண்டியின் ஹிட்ச் அதை ஏற்குமா என்று பாருங்கள், சிறிய கார்களில் 75, 100 கிலோ என்றுதான் வரம்பே இருக்கும். அப்புறம் இடநெருக்கடி. கேஸ் சிலிண்டர், ஜாக்கியின் கைப்பிடி, எடையைப் பகிர்ந்தளிக்கும் கம்பிகளின் சங்கிலி எல்லாம் அதே மூன்றடிக்குள் அடித்துக்கொள்கின்றன. பிக்கப்பின் பின்கதவு திறந்தால் டயரில் இடிக்கலாம். காலியான திடலில் ஒருவரை வெளியே நிற்க வைத்து, பின்னோக்கி ஓட்டி, வண்டியை முடிந்தவரை மடக்கிப் பாருங்கள். நேராக நிற்கும்போது தாராளமாகத் தெரிகிற இடைவெளி, மடங்கும்போது பம்பர் மூலைக்கும் ஸ்டெப்னிக்கும் நடுவே காணாமல் போகும்.

டிரெய்லருக்கு உள்ளேயே வைத்தால் என்ன என்பது கடைசியாக வருகிற கேள்வி. தற்காலிகமாகச் செய்யலாம். அச்சுக்கு மேலே, தரையில் படுக்க வைத்து, சேசிஸ் வரை துளைத்துப் போட்ட வளையக் கொக்கியில் கட்டினால் எடைக் கணக்கில் அதைவிட நல்ல இடம் கிடையாது. தரைப் பலகையில் மட்டும் திருகிய கொக்கியை நம்பாதீர்கள், அறுபது வயதுப் பிளைவுட் அது. படுக்கைக்கு அடிப் பெட்டியில் வைப்பதும் உண்டு. எனக்கு ரப்பர் வாடை ஒத்துக்கொள்ளவில்லை. அதைவிட, கொட்டுகிற மழையில் மெத்தையிலிருந்து பாத்திரம் வரை எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு டயரை எடுத்த அனுபவம் ஒருமுறை போதும்.

இடத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, வைக்கப்போகும் சக்கரத்தைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. நாம் வாயில் சொல்லும் ஸ்டெப்னி என்ற சொல்லே வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. 1904இல் அங்கே டேவிஸ் சகோதரர்கள் செய்த உபரிச் சக்கரம், ஆரக்கால் இல்லாத வெறும் வளையம். காற்றுப்போன சக்கரத்தின் பக்கத்திலேயே கவ்வி மாட்டிக்கொண்டு போய்விடலாம். துளைகளைப் பற்றிக் கவலைப்படாமல் கவ்வி மாட்டும் அந்த வசதி இன்று கிடையாது. பழைய டிரெய்லருக்கு ரிம் தேடும்போது நட் துளைகளின் எண்ணிக்கை, துளை வட்டத்தின் விட்டம், நடுத்துளை, ரிம்மின் உள்வாங்கல் நான்கும் பொருந்த வேண்டும். ஐந்து துளை என்பதை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. நாலரை அங்குல வட்டமும் ஐந்து அங்குல வட்டமும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். நான் ஒருமுறை பழைய இரும்புக் கடையில் துளை சரியாகப் பொருந்துகிற ரிம் கிடைத்ததென்று மகிழ்ந்து வாங்கினேன். மாட்டியும் பார்த்தேன், சுற்றியும் பார்த்தேன். ஜாக்கியை இறக்கி எடை விழுந்ததும் டயரின் உள்பக்கம் பட்டை ஸ்பிரிங்கில் உரசியது.

உங்கள் வண்டியின் ரிம் 14.5 அங்குலமா என்றும் பாருங்கள். அந்தக் காலத்தில் ஒரே இடத்தில் நிறுத்திக் குடியிருக்கும் வீட்டு டிரெய்லர்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக மட்டும் செய்த அளவு அது, நெடுஞ்சாலைப் பயணத்துக்கானது அல்ல. பூட்டுவளையம் போட்ட பல துண்டு ரிம் இருந்தால் அதை நீங்களே கழற்றிக் காற்றடிக்க முயலாதீர்கள். வளையம் தெறித்து ஆள் செத்த கதைகள் உண்மையானவை. இரண்டில் எது இருந்தாலும், ஸ்டெப்னி தேடுவதை நிறுத்திவிட்டு எல்லாச் சக்கரத்தையும் ஒரேயடியாக மாற்றுவதுதான் கெட்டிக்காரத்தனம்.

டயர், ஓடுகிறவற்றின் அதே அளவு, அதே சுமைத்தரம். எஸ்.டி. என்று தொடங்கும் டிரெய்லர் டயரில் சுமைத்தரம் சி என்றால் முழுச்சுமைக்குப் பொதுவாக 50 பி.எஸ்.ஐ., டி என்றால் 65, இ என்றால் 80. சாதாரண ரப்பர் வால்வு 65 வரைதான் தாங்கும், அதற்கு மேல் உலோக வால்வு போடச் சொல்லுங்கள். ஸ்டெப்னியை முழு அழுத்தத்திலேயே வைத்திருங்கள். தேவைப்படும்போது குறைத்துக்கொள்ளலாம், நடுவழியில் ஏற்றுவதுதான் சிரமம்.

ஓடாத டயர் தேயாது, ஆனால் கெடும். ரப்பரில் கலந்திருக்கும் பாதுகாப்பு மெழுகு, டயர் உருண்டு நெளியும்போதுதான் மேற்பரப்புக்கு வருகிறது. சும்மா வெயிலில் தொங்கும் டயரில் அது வராமல் பக்கச்சுவர் வெடிப்பு விடும். பட்டன்களும் வரிகளும் புத்தம் புதிதாக இருக்கும், அதனால் நாம் ஏமாறுவோம். பக்கச்சுவரில் டி.ஓ.டி. (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மூன்று எண்களே இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர், உடனே தூக்கிப் போடுங்கள். நான் ஆறு வருடத்துக்கு மேல் ஸ்டெப்னியை நம்புவதில்லை. இரண்டு மூன்று வருடத்தில் ஓடும் டயர்களோடு இடம் மாற்றிப் போட்டால் எல்லாம் ஒன்றாக மூப்படையும். அந்த வெள்ளை உறை ஆசை இருக்கிறதல்லவா, அதை இங்கே நிறைவேற்றிக்கொள்ளுங்கள்; வெயிலிலிருந்து டயரைக் காக்க அது உண்மையிலேயே உதவும்.

எல்லாம் மாட்டி முடித்ததும் வீட்டு வாசலிலேயே ஒருமுறை சக்கரத்தை மாற்றிப் பாருங்கள், வழியில் கையில் இருக்கப்போகும் கருவிகளை மட்டும் வைத்துக்கொண்டு. காரோடு வந்த ஸ்பானர் டிரெய்லர் நட்டுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. காரோடு வந்த ஜாக்கி போதுமான உயரம் வராது. வந்தாலும் அதை வைக்கும் இடம் அச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் சேசிஸ் சட்டம், அச்சுக்குழாய் அல்ல. முறுக்கு அச்சுகளில் (பட்டை ஸ்பிரிங்குக்குப் பதில் குழாய்க்குள் இருக்கும் ரப்பர் அதிர்வைத் தாங்கும் வகை) அந்தக் குழாய் வளைந்தால் அச்சையே மாற்ற வேண்டிவரும். டிரெய்லர் ஹிட்ச்சில் மாட்டியே இருக்கட்டும், மறுபக்கச் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள், நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே அரைச்சுற்றுத் தளர்த்திவிட்டுத் தூக்குங்கள். சில பழைய அச்சுகளில் இடப்பக்க நட்டுகள் எதிர்த்திசையில் கழலும். ஸ்டட்டின் முனையில் ஆங்கில எல் எழுத்து பொறித்திருக்கிறதா என்று பார்க்காமல் நீளக் குழாயைச் செருகி முழு பலத்தையும் போட்டு ஸ்டட்டையே முறித்தவர்கள் இருக்கிறார்கள். பழைய வண்டிகளில் சக்கரக்கூடு குறுகலாக இருப்பதால், காற்றுப்போன டயர் வெளியே வந்துவிடும், காற்று நிரம்பிய டயர் உள்ளே போகாது. அதற்கு இன்னும் ஐந்தாறு சென்டிமீட்டர் தூக்க வேண்டியிருக்கும். உங்கள் ஜாக்கிக்கு அவ்வளவு எட்டவில்லை என்றால் அடியில் வைக்க ஒரு கனமான பலகையையும் ஸ்டெப்னியோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். அரை அங்குல ஸ்டட் என்றால் பெரும்பாலும் 90 முதல் 120 அடி-பவுண்டு இறுக்கம்; 16, 40, 80 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி நிறுத்தி மறுபடி இறுக்குங்கள்.